தவிட்டுக்கு வாங்கின பிள்ளை

என் பாபுவுக்கு,

போன மாதம் நீ வந்துவிட்டுப் போகும்போது டிவி ஸ்டாண்டு மேல் வைத்த அந்தச் சின்ன அட்டைப்பெட்டி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. தூசி படக்கூடாதென்று மேலே ஒரு கர்சீப் போட்டு மூடியிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் தூசிக்காக இல்லை, அது கண்ணில் படக்கூடாது என்பதற்காக. "சாப்ட்டு அரை மணி நேரம் கழிச்சு, இந்தக் கோடு வரைக்கும் துப்பணும்பா, மூடிய இறுக்கி மூடணும், அவ்ளோதான்" என்று சின்னப்பிள்ளைக்குச் சொல்வது போல இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தாய். வருகிற ஞாயிற்றுக்கிழமை உன்னோடு வேலை செய்யும் தினேஷ் அயர்லாந்துக்குத் திரும்புகிறான். அவன் கையில் அதைக் கொடுத்துவிட வேண்டும். இன்று புதன்கிழமை. முப்பத்தெட்டு வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் மெஷின்களுக்கு நடுவில் நின்றவன் நான். கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் குழாயைத் தொடக்கூட மாட்டேன் என்கிறேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். எனக்குப் பயமாக இருக்கிறது பாபு.

எதற்காக இதெல்லாம் என்று நான் கேட்டபோது நீ சொன்ன பதில் எனக்கு மறக்கவில்லை. "உங்க தாத்தா பேரு கூட நமக்குத் தெரியலயேப்பா. நெலம் இருந்தவங்களுக்கு பத்திரத்துல பேரு இருக்கு. நமக்கு ஒடம்புல மட்டும்தான் இருக்கு" என்றாய். நியாயம்தான். என் அப்பா திருமழிசைப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, களை பறித்து, அப்படியே போய்ச் சேர்ந்தவர். அவருக்கு முன்னால் யார் என்று கேட்டால் சொல்ல ஒரு காகிதமும் கிடையாது. நம்மைப் போன்றவர்களின் எச்சிலை ஒரு கம்பெனி வாங்கிப் பரிசோதிக்கும், உலகத்தில் எந்த மூலையில் யார் நமக்குச் சொந்தம் என்று கம்ப்யூட்டர் சொல்லும் என்றாய். உன் எச்சில் ஏற்கெனவே அங்கே போய்விட்டது. இனி என்னுடையது போனால் "அப்பா, பிள்ளை" என்று அதுவாகவே கோடு போட்டுக் காட்டும் என்று சந்தோஷமாகச் சொன்னாய். அந்தக் கோடு வராமல் போய்விடுமோ என்பதுதான் என் பயம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். இனிமேல் எழுதுவதெல்லாம் அது ஏன் என்பதுதான்.

உனக்கு ஆறு வயது இருக்கும்போது, அத்தை பிள்ளை ரமேஷுக்குக் காது குத்தினார்களே, ஞாபகம் இருக்கிறதா? பந்தியில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மாமா உன் கன்னத்தைக் கிள்ளி, "டேய், ஒன்ன இன்னா இவங்க பெத்தாங்கன்னா நெனச்சிகினு கீற? ஒரு மொறம் தவுட்டுக்கு வாங்குனாங்கடா" என்றார். எல்லா வீட்டிலும் எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்கிற கேலிதான். பிள்ளை அழும், அம்மா வந்து தூக்கிக்கொள்வாள், பெரியவர்கள் சிரிப்பார்கள். நான் என்ன செய்தேன்? போட்ட இலையைத் தள்ளிவிட்டு எழுந்து, அத்தனை பேருக்கு முன்னால் அந்த மனிதரை வாய்க்கு வந்தபடி பேசினேன். உன்னையும் உன் அம்மாவையும் இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்தேன். அங்கே நீ, "ஏம்பா, நெஜமாவே தவுட்டுக்கா வாங்குனீங்க?" என்று கேட்டாய். உன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். என் ஆயுசில் உன்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். அப்பா ஏன் அடித்தார் என்று நீ அப்புறம் கேட்கவில்லை. பெரியவனான பிறகும் கேட்கவில்லை. நான்தான் வருஷக்கணக்கில் அதற்குப் பதில் தயார் செய்துகொண்டே இருந்தேன். பயத்தைக் கோபம் மாதிரி காட்டுவது அப்பன்மாருக்கு ரொம்பச் சுலபம். இன்னும் இரண்டு மாதத்தில் நீயும் அப்பாவாகப் போகிறாய். அந்தப் பழக்கம் மட்டும் உனக்கு வேண்டாம்.

பதில் இதுதான். ஆமாம், தவிட்டுக்குத்தான். கேலிக்கு இல்லை, நிஜமாகவே.

உனக்கு முன்னால் எங்களுக்கு இரண்டு பிறந்து இரண்டும் தங்கவில்லை. முதல் குழந்தை பதினோரு நாள் இருந்தது. இரண்டாவது மூச்சே விடவில்லை. மூன்றாவதாக நீ வயிற்றில் வந்ததும் உன் அம்மா ஒரு சிரிப்புக்கூடச் சிரிக்காமல் மாதத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். அத்தைதான் அந்தப் பேச்சை எடுத்தாள். வரிசையாகப் பிள்ளை தங்காத வீட்டில், பிறந்ததை வேறொரு வீட்டுக்கு விற்றுவிட வேண்டும். பிள்ளை தங்கின வீடாகப் பார்த்து விற்க வேண்டும். மூன்று நாள் அது அங்கே அவர்கள் பிள்ளையாக இருக்கும். நம்முடையதைத் தேடி வருகிற எமன் ஆள் இல்லையென்று திரும்பிப் போய்விடுவான். மூன்றாம் நாள் ஒரு முறம் தவிடு கொடுத்து, அடுத்தவர் பிள்ளையை வாங்குகிற மாதிரி வாங்கி வந்துவிட வேண்டும். கேட்கும்போது உனக்கு முட்டாள்தனமாகத் தோன்றும். இரண்டு பிள்ளைகளைக் குழியில் வைத்த கைக்கு எதுவும் முட்டாள்தனம் கிடையாது.

அப்போது கள்ளிக்குப்பத்தில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். வரிசையாக நாலு போர்ஷன், எல்லாருக்கும் ஒரு குழாய். கடைசிப் போர்ஷனில் சகுந்தலா. அவளுக்கு ஏற்கெனவே ஒரு பெண், ஒரு பையன். மூன்றாவது பையன் நீ பிறப்பதற்கு ஐந்து நாள் முன்னால் பிறந்திருந்தான். பால் இருக்கிறவள், பிள்ளை தங்கின கை, அவளைவிட யார் கிடைப்பார்கள்? கேட்டதும் சரியென்றாள். ஒன்பதாம் நாள் காலை உன்னைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அங்கேதான் நாங்கள் செய்த தப்பு. எமனை ஏமாற்றுவது என்று இறங்கின பிறகு அரைகுறையாக ஏமாற்றக்கூடாது என்றாள் அத்தை. நம் வீட்டு அடையாளம் ஒன்றுகூட உடம்பில் இருக்கக்கூடாது என்று இடுப்புக் கறுப்புக் கயிற்றை அறுத்தாள், கன்னத்துத் திருஷ்டிப் பொட்டை அழித்தாள், சுற்றியிருந்த துணியையும் உருவிக்கொண்டாள். வெறும் உடம்பாகத்தான் நீ அந்த வீட்டுக்குப் போனாய். சகுந்தலா தன் பையனுக்குச் சுற்றியிருந்த அதே பழைய புடவைத் துணியில் பாதி கிழித்து உன்னைச் சுற்றினாள்.

மூன்றாம் நாள் விடியும்போது குழாயடியில் ஒரே கூச்சல். நான் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சகுந்தலா எங்கள் வாசலில் வந்து நின்றாள். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. கையில் ஒரு குழந்தை, அழுதுகொண்டிருந்தது. "இந்தாக்கா, ஒம் புள்ள. புடி. போனது என்னுது" என்றாள். உன் அம்மா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினாள். வாங்கினாள். முகத்தைக் குனிந்து பார்க்கவில்லை. நேராக உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பால் கொடுத்தாள். பெற்றவள் ஒன்பது நாள் பால் கொடுத்த பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலா வாங்குவாள் என்று நீ கேட்பாய். நானும் முப்பத்திரண்டு வருஷமாக அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இறந்த குழந்தையைச் சகுந்தலாவின் வீட்டுக்காரன் ஏழுமலை துணியோடு சுற்றி எடுத்துக்கொண்டான். மண்வெட்டியோடு நான் கூடப் போனேன். ஏரிக்கரைச் சுடுகாட்டில் குழி வெட்டியது நான்தான். அவன் அந்தத் துணியை என் கையில் ஒரு நிமிஷம் கொடுத்தான், பீடி பற்றவைக்க. முகத்து மேல் துணி லேசாகத்தான் மூடியிருந்தது. ஒரு விரலால் விலக்கினால் போதும். நான் விலக்கவில்லை பாபு. ஷிப்டு ஷிப்டாக ஓடிக்கொண்டிருந்த எனக்கு உன் முகம் அப்போது சரியாகப் பழகியிருக்கவும் இல்லை, பார்த்திருந்தாலும் தெரிந்திருக்குமோ என்னவோ. ஆனால் தெரியாது என்பதற்காக நான் பார்க்காமல் இருக்கவில்லை. தெரிந்துவிடும் என்பதற்காகத்தான் பார்க்கவில்லை. என் வேலையே பார்ப்பதுதான். இன்ஸ்பெக்ஷனில் இருந்தவன். ஒவ்வொரு பீஸையும் கேஜ் என்கிற அளவுக் கருவியில் விட்டுப் பார்த்து, கேஜுக்குள் போகாததற்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து ஸ்கிராப் பெட்டியில் போடுகிறவன். கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற பீஸெல்லாம் கேஜில் தேறிவிடும் என்று நம்பக்கூடாது என்று புதிதாக வருகிற பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன். உன்னை மட்டும் எந்தக் கேஜிலும் விட எனக்குத் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகு ஆறு மாதத்தில் சகுந்தலா குடும்பம் குமணன்சாவடிக்குப் போய்விட்டது. உன் அம்மாவிடம் நான் ஒரே ஒரு தடவை கேட்டேன். உனக்குப் பல் முளைத்த சமயம். "ஏம்மே, ஒனக்குத் தெரியுமா?" என்றேன். என்ன கேட்கிறேன் என்று அவளுக்கு உடனே புரிந்தது. "இன்னொரு வாட்டி இந்தக் கேள்விய கேட்ட, புள்ளய தூக்கிகினு எங்கனா போயிடுவேன்" என்றாள். அதோடு சரி. ஆனால் ஒன்று கவனித்திருப்பாய். ஒவ்வொரு வருஷமும் உன் பிறந்தநாளுக்கு ஐந்து நாள் முன்னால் உனக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்து, பாயசம் செய்து, ஒரு தூக்கில் ஊற்றிக்கொண்டு தனியாகக் குமணன்சாவடிக்குப் பஸ் ஏறிவிடுவாள். "இன்னும் பொறந்தநாளே வரலியே, இன்னாத்துக்குமா இப்பவே?" என்று நீ கேட்டால், வேண்டுதல் என்பாள். அது சகுந்தலா பிள்ளை பிறந்த நாள். செத்த பிள்ளையை நினைத்துச் செய்தாளா, இருக்கிற பிள்ளைக்குச் செய்தாளா? இரண்டு மாதிரியும் நினைத்துப் பார்த்துவிட்டேன். இரண்டும் சரியாக வருகிறது. நாலு வருஷம் முன்னால் அவள் கண்ணை மூடியபோது அந்தப் பதிலையும் எடுத்துக்கொண்டே போய்விட்டாள்.

நீ இந்தக் குழாயை வைத்துவிட்டுப் போன பிறகு நான் யோசித்த கோமாளித்தனத்தையெல்லாம் சொல்கிறேன், கேள். முதலில் குழாய்த் தண்ணீரை ஊற்றிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அப்புறம் எதிர்வீட்டு மாணிக்கத்தைத் துப்பச் சொல்லலாமா என்று பார்த்தேன். மாணிக்கத்தின் எச்சில் உனக்கு அப்பாவாக எப்படி ஆகும் என்பது நாலு படி இறங்கின பிறகுதான் உறைத்தது. கடைசியில், தொலைந்துபோய்விட்டது என்று சொல்லிவிட முடிவு பண்ணினேன். அன்றைக்குச் சாயங்காலமே ரமேஷ் போன் பண்ணி, "மாமா, பாபு எனக்கும் ஒன்னு குட்த்தான், நான் அனுப்சிட்டேன். இன்னும் கொஞ்ச நாள்ல வந்துடுமாம். நீங்க துப்பிட்டீங்களா?" என்றான். என் அக்கா பிள்ளை அவன். அவனுக்கும் உனக்கும் ஒட்டு இல்லையென்றால் கம்ப்யூட்டர் அதையும் சொல்லிவிடும் அல்லவா? நான் துப்பினாலும் துப்பாவிட்டாலும் விஷயம் வந்து சேரப்போகிறது. எமனிடமிருந்து உன்னை ஒளித்துவைக்க அடையாளத்தையெல்லாம் அழித்தோம். அழிக்க முடியாத அடையாளம் வாய்க்குள்ளேயே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

உன் மனைவி பிரியாவின் செக்கப்பில், பரம்பரையில் யாருக்காவது சுகர் உண்டா என்று கேட்டார்களாம். "அப்பாவுக்கு, தாத்தாவுக்கு, ரெண்டு பேருக்கும் உண்டுன்னு எழுதிட்டேன்பா" என்றாய். எனக்கு இருக்கிற சுகருக்காக நீ உன் இருபது வயதிலிருந்தே ஜிலேபியைத் தொடாமல் இருக்கிறாய். என் பயத்துக்காக உன் பிள்ளையின் ஃபாரத்தில் பொய் ஏறலாமா? அதுதான் என்னைக் கிளப்பியது.

நேற்றுக் காலை உன் அம்மாவின் முறத்தைப் பரணிலிருந்து இறக்கினேன். அம்பத்தூர் ஓ.டி.யில் மாட்டுத் தீவனக் கடையில் தவிடு கேட்டேன். "எத்தினி மாடு பெர்சு?" என்றான் கடைக்காரன். மாடு இல்லை என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கட்டிக் கொடுத்தான். பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் குமணன்சாவடி போய்ச் சேர்வதற்குள் மூன்று தடவை இறங்கித் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. சகுந்தலா இப்போது மகள் வைத்திருக்கும் இட்லி மாவுக் கடையில் உட்கார்ந்திருக்கிறாள். ஏழுமலை காலமாகி வருஷமாகிவிட்டது. ஆவடி மண்டபத்தில் உன் கல்யாணத்துக்கு வந்தாளே, மேடைக்கு வராமல் கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, வாசலில் உன் கன்னத்தை வழித்து நெட்டி முறித்த அம்மா. யாருப்பா அது என்று நீகூடக் கேட்டாய். பழைய வீட்டுப் பக்கத்துப் போர்ஷன் என்றேன்.

"இன்னாண்ணா, இந்த வெயில்ல?" என்று எழுந்தாள். நான் முறத்தை அவள் முன்னால் வைத்துத் தவிட்டைக் கொட்டினேன். அன்றைக்கு அந்தக் கலவரத்தில் யாருக்கும் தவிடு கொடுக்கிற நினைப்பே வரவில்லை. முறைப்படி பார்த்தால் உன்னை விற்றோம், திருப்பி வாங்கவே இல்லை. அவள் தவிட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முறத்தைத் தொடாமல் ஓரடி பின்னால் போனாள். அவளும் பயந்துபோய்த்தான் இருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"பாபுக்கு எதனா ஆயிடுச்சா?" என்றாள் முதலில்.

"நல்லா இருக்கான். ஒன்னு கேக்கணும் சகுந்தலா."

"கேக்காதண்ணா."

"நான் கேக்காட்டி மிசின் சொல்லிடும். எச்சி எடுத்தா யாரு பெத்ததுன்னு சொல்லிடுதாம். அந்த மூணாம் நாள்..."

"எது உசுரோட இருந்துச்சோ அத்த குட்தேன்" என்றாள். "அக்கா ரெண்டு கையும் நீட்டிகினு நிக்கிறா. உசுரோட இருந்தத குட்தேன். வேற இன்னாத்த பாக்கச் சொல்ற என்ன?"

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அவள் முந்தானையை விரித்துத் தவிட்டை அதில் வாரிக்கொண்டாள், ஒரு துகள் விடாமல். முறத்தைத் தட்டி என் கையில் கொடுத்தாள். "வாங்கிகினேன். ஒம் புள்ளய ஒன் ஊட்டுக்கு இட்டுகினு போண்ணா" என்றாள். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. வெறும் முறத்தோடு மெட்ரோ தூணுக்குக் கீழே நின்று, பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் பார்க்க, அழுதேன் பாபு.

குழாயில் கோடு வரைக்கும் நிரப்பிவிட்டேன். இந்தக் கடிதத்தோடு ஒரே பையில் போட்டு தினேஷிடம் கொடுக்கிறேன். அனுப்புவதா, தூக்கிப் போடுவதா, அது உன் இஷ்டம். என்னைப் போலப் பார்க்காமல் இருந்துவிடாதே என்று மட்டும் சொல்வேன். துணியை விலக்காமல் விட்டவன் என்ன பாடு படுவான் என்று எனக்குத் தெரியும். ஊருக்கு வந்தால் குமணன்சாவடிக்குப் போய் அவளைப் பார். ஒன்றும் கேட்காதே. அவள் கையால் எது கொடுத்தாலும் சாப்பிடு, அது போதும்.

சிவப்புப் பெயின்ட் விழுந்தால் அது எனக்குத்தான், உனக்கு இல்லை. தைரியமாகத்தான் எழுதுகிறேன். ஆனாலும் கோடு வராவிட்டால் என்ன ஆகும், இவர் யாரோ என்று உனக்குத் தோன்றிவிடுமோ, உன் குழந்தை பிறந்த சேதியை யாராவது மூன்றாம் மனிதர் வந்து சொல்வாரோ என்றெல்லாம் மனசு எங்கெங்கோ போகிறது. வழக்கமாக நீ கூப்பிடும் நேரம் ஞாயிற்றுக்கிழமை நாலு மணி. நீ இதைப் படித்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமையும் மூன்றரைக்கே போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என்ன பேசுவதென்று தெரியாவிட்டால் பேசவேண்டாம். திட்டுவதற்காவது கூப்பிடு.

உன் அப்பா